என் விலாசம் யார் கையில்

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து குளிர்மழை. வேலை முடிந்து பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடைகளுக்கு: அரிசிமா, கறித்தூள், மகள் மிதுனாவுக்குச் சப்பாத்து. சப்பாத்து வாங்கவில்லை. கடை வாசலில் வசந்தி அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுகந்தி, உனக்குச் சொல்லாமல் விடேலாது. சாமத்தியச் சடங்கு வீட்டில ரஞ்சன் எல்லாருக்கும் முன்னால சொன்னவன், நீ எங்க இருக்கிறாய் எண்டு தெரியுமாம். அவன்ர மச்சான் பெடியன் பாங்கில எல்லோ வேலை. உன்ர கணக்கைத் திறந்து பாத்துச் சொன்னவனாம்."

புருஷன் ரஞ்சனை விட்டு நானும் பிள்ளையும் வெளியேறியது வசந்தகாலத்தில். கிட்ட வரக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு. இந்தக் கார்ட்டியர்வில் வீட்டு விலாசம் தெரிந்தவர்கள்: வசந்தி அக்கா, பள்ளிக்கூடம், வேலையிடம், சட்டத்தரணி. அப்புறம் வங்கி. போன மாதம் நானேதான் கொடுத்தேன்.

கதவுக்குக் கதிரை முட்டு. மிதுனா ஏன் என்று கேட்டாள். காற்று என்றேன்.

நவம்பர் 6, புதன்

அரைநாள் லீவு. அந்தப் பெடியன் இல்லாத வேறு கிளைக்குப் போனேன். "பொன்ஜூர்" என்று வணக்கமெல்லாம் நல்லாகத்தான் சொன்னார்கள். என் கணக்கை யார் பார்த்தது என்று கேட்டதும் அதிகாரிப் பெண்ணின் முகம் மாறியது. அது உள்விவகாரமாம், சொல்ல முடியாதாம்.

வெளியே பஸ் தரிப்பில் நின்று அழுதேன். மூக்குத் துடைக்கக் கடதாசியும் இல்லை. பெண்கள் உதவி நிலையத்து நதீனுக்குப் போன் எடுத்தேன். அவர் சொன்னது: ஆட்களின் சொந்த விவரங்களுக்குப் பொறுப்பான ஒருவர் வங்கியில் இருக்கத்தான் வேண்டும். அவரிடம் எழுத்தில் கேள். உன் விவரம் உன்னுடையது, கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. பதில் திருப்தி இல்லாவிட்டால் சொந்த விவரங்களைக் காக்கும் அரசாங்க ஆணையத்துக்குப் போகலாம்.

நதீன் சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்பினேன். பிரெஞ்சில். பிழை இருக்கலாம். இருக்கட்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

முதல் பனி. பதில் இல்லை. வேறு வீடு பார்ப்பதா? பிள்ளைக்கு இப்போதுதான் ஒரு சிநேகிதி. பஸ்ஸில் பின்சீட் ஆள் இருமினால்கூடத் திரும்பிப் பார்க்கிறேன். பால் முடிந்துவிட்டது.

நவம்பர் 21, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரம் போன். வங்கியின் அந்தப் பொறுப்பாளர். மெதுவாக, ஆங்கிலத்தில் பேசினார்.

"உண்மைதான், மேடம். ஓர் ஊழியர் வேலைக் காரணம் எதுவும் இல்லாமல் உங்கள் கணக்கைத் திறந்திருக்கிறார்."

"எப்போது?"

"செப்டம்பரில். ஒரே தடவை. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை."

செப்டம்பர்! வங்கியில் நான் விலாசம் மாற்றியது ஒக்டோபரில். அந்தப் பெடியன் பார்த்தது பழைய வீட்டு விலாசத்தை. ரஞ்சனே இருக்கும் வீடு! ரஞ்சன் சபையில் சொன்னதெல்லாம் வெறும் புளுகு.

சிரிப்பு வந்தது. அழுகையும். பொறுப்பாளர் மன்னிப்புக் கேட்டார். பெடியனை வேலையிலிருந்து நிறுத்தி விசாரிக்கிறார்களாம். இனி என் விவரம் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் திறக்கும், போனில் கேட்டால் ரகசியச் சொல் சொல்ல வேண்டும். ஆணையத்திலும் நான் முறையிடலாம் என்று அவரே சொன்னார். முறையிடுவேன்.

கதிரையை மேசையடிக்கே இழுத்து வைத்தேன். மிதுனா அதில் ஏறியிருந்து வீட்டுப்பாடம்.

நவம்பர் 24, ஞாயிறு

வெயில், ஆனால் கடும் குளிர். பத்து மணிவரை நித்திரை. எத்தனை மாதத்துக்குப் பிறகு!

வசந்தி அக்கா வந்தார். ஒரு தேத்தண்ணி குடித்தார். பிறகு, "பெடியன்ர தாய் அழுகிறா. முறைப்பாட்டைத் திருப்பி வாங்கச் சொல்லிக் கேக்கச் சொன்னவ. தெரியாமல் செய்துபோட்டானாம், உன்னட்டை மன்னிப்புக் கேக்கிறானாம்."

"கேக்கட்டும் அக்கா. என்ர கணக்கைப் பாக்கேக்கை என்னைக் கேட்டவனோ?"

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "அதுவும் சரிதான்," என்றார். "நான் இனி இந்தத் தூது கொண்டு வரமாட்டன்."

கோழிக்கறி வைத்தேன். அக்காவும் இருந்து சாப்பிட்டார். உறைப்புக் கொஞ்சம் கூடிவிட்டது.