முந்தின வசனம்

காஜா பேராங், மலாக்கா
29.9.1957

அன்புள்ள வாப்பாவுக்கு மகள் ஜுலைகா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா?

வெள்ளிக்கிழமை இங்கே ஒரு சின்னச் சச்சரவு, பயப்படாதீர்கள். அசர் தொழுகை நேரத்தில் அடுத்த வீட்டுத் தம்பிராஜா மகளின் கல்யாண மேளம் பள்ளிவாசலைக் கடந்து போனது. என் கொழுந்தன் கனி கம்பைத் தூக்கிவிட்டார்.

“‘கண்ட இடத்தில் கொல்லுங்கள்’னு குர்ஆன்லயே இருக்கு, மதினி!”

“அதுக்கு முந்தின வசனத்தையும் படிச்சுட்டுப் போங்க” என்று குர்ஆனின் தமிழ்த் தர்ஜுமாவைக் கையில் கொடுத்தேன். உங்களோடு போர் செய்பவர்களோடு போர் செய்யுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்று இருந்தது.

“வீட்டை விட்டுத் துரத்தி, சண்டைக்கு வந்தவங்களைப் பத்தின பேச்சு இது. தம்பிராஜா நம்மளைத் துரத்தினாரா? அவர் பந்தலுக்கு நேத்து கயிறு கொடுத்ததே நீங்கதானே?”

கனி சிரித்துவிட்டார். கம்பு சுவரோரம் போனது.

இப்போது தவ்பா அத்தியாயத்திலும் அதே மாதிரி ஒரு வசனம் இருக்கிறதே என்று கேட்கிறார். என் பிரதியில் அந்தப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. அதை முன்பின் வசனங்களோடு உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்புங்கள். இங்கே நான் கேட்க ஆளில்லை, வாப்பா. கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள்.

உலை பொங்குகிறது. கனியின் கம்பில் காயும் துணியையும் எடுக்க வேண்டும்.

உங்கள் துஆவை நாடும்,
ஜுலைகா