பிரிட்ஜுக்குப் பின்னால்

2007 ஏப்ரல் 24, செவ்வாய்

கரன்ட் பில் வந்தது. போன மாதத்தைவிட ஒன்றரை மடங்கு! வீட்டில் கூடியது ஓராள்தான் — இவருடைய அக்கா, அன்னப்பூரணி மச்சாள். தன் ஊர் உன்னிச்சையில் ஷெல் விழ, உடுத்த சேலையோடு ஓடி வந்தவ. ஓராள் வந்ததற்கு இவ்வளவா?

பிரிட்ஜ்தான் நிற்காமல் உறுமுகிறது. சுனாமி நிவாரணத்தில் கிடைத்த சின்னப் பெட்டி. முந்தி இடைக்கிடை ஓய்ந்து கிடக்கும்.

ஏப்ரல் 26

மகள் தக்ஷாவுக்கு இரத்தத்தில் சீனி ஏறிக் கிடக்கிறது. ஊசி தவறாமல் போடுகிறேனே? கிளினிக்கில் தாதி கேட்டா: "இன்சுலின எங்க வெச்சிருக்கிறீங்க? சூடு பட்டாலும் பழுது, உறைஞ்சாலும் பழுது."

பிரிட்ஜில் என்றேன். வீட்டுக்கு வந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். குளிர் என்று சொல்ல ஏலாது. குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மூன்றில்தான் நிற்கிறது. யாரோ திருப்பி விளையாடுகிறார்கள். ஒன்பது வயசுப் பிள்ளையின் உயிர் அந்தக் குப்பியில் இருக்கிறது.

ஏப்ரல் 27

குமிழில் கியூடெக்ஸ் நகப்பூச்சால் பொட்டு வைத்தேன். இனித் திருப்பிப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 30

பொட்டு அசையவில்லை. மச்சாள் திருப்பிவிட்டுப் பழையபடி வைக்கிறாவோ? கெட்டிக்காரிதான்.

மே 2

படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தால் நேரத்தோடு வந்தேன். மச்சாள் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் குந்தி, பின்னால் கையை விட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் வெடுக்கென்று இழுத்தா.

"என்ன மச்சாள் செய்யிறீங்க?"

"ஒண்டுமில்லகா. கரப்பான் ஒண்டு ஓடிச்சு."

கரப்பானாம்! இவருக்குப் போனில் சொன்னால், "அக்கா அப்படிச் செய்யமாட்டா" என்பார். கத்தாரில் இருப்பவருக்கென்ன? நம்பி வீட்டுக்குள் விட்டேனே —

மே 5, சனி

மச்சாள் கோயிலுக்குப் போன நேரம் பிரிட்ஜை இழுத்தேன். பின்பக்கம் கை வைக்க முடியாத சூடு. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு துணிப்பையை இறுக்கிச் செருகியிருந்தது. சூடு வெளியே போக வழியில்லை. பெட்டி எப்படிக் குளிரும்? மச்சாள் பிடிபட்டா என்றுதான் அவிழ்த்தேன்.

தக்ஷாவின் சட்டை இரண்டு. ஊசிகள், குளுக்கோஸ். இன்சுலினை ஐசில் வைக்க வாயகன்ற ஒரு பிளாஸ்க். அடியில் என் சேலை ஒன்று. அவவுடையது எதுவும் இல்லை.

வாசலில் மச்சாள் நின்றா.

"ஓடச் சொன்னா என்னத்தகா எடுப்பாய்? சுனாமிக்கு நீ தலகாணியத் தூக்கிக்கொண்டு ஓடினாயாம், தம்பி சொன்னவன். நான் உன்னிச்சையில வெறுங்கையோட ஓடினன். புள்ளைக்கு மருந்து வேணுமே."

"அதுக்கேன் மறுகா ஒளிச்சீங்க?"

"ஆமிக்காரன் சோதனைக்கு வந்து பையக் கண்டா, ஏன் ஓட ரெடியா இருக்கிறீங்க எண்டு கேப்பான். உனக்குச் சொன்னா நீயும் பயப்படுவாய்."

வெட்கமாக இருந்தது. பையை அரிசி வாளிக்குள் வைத்தோம்.

மே 10

பிரிட்ஜ் இடைக்கிடை ஓய்கிறது. புதுக் குப்பி. சீனி இறங்குகிறது.

2009 மே 19, செவ்வாய்

யுத்தம் முடிந்ததாம். டவுனில் வெடி கொளுத்துகிறார்கள். முடிந்ததா? யாரைக் கேட்பது?

மச்சாள் உன்னிச்சைக்குத் திரும்பி ஒரு வருஷம். வட்டையில் வயல் வேலை ஓய்ந்தால் வந்து நாலு நாள் நின்றுவிட்டுப் போவா. இனி எதற்கென்று இன்றைக்குப் பையை அவிழ்த்தேன். தக்ஷாவின் சட்டைகள் கட்டையாகிவிட்டன. எடுத்துவிட்டு, இப்போதைய அளவில் இரண்டு வைத்தேன். மச்சாள் இங்கே விட்டுப்போன சேலையையும் மடித்து வைத்து, திரும்பக் கட்டினேன்.