பி.எஸ்ஸி. இல்லை, பி.வோக்.

அப்பாவுக்கு,

வரன் பார்க்க நீங்கள் அனுப்பிய பயோடேட்டா சுற்றிச் சுற்றி என் போனுக்கே வந்துவிட்டது. என் படிப்பு பி.எஸ்ஸி. என்று போட்டிருக்கிறீர்கள். நான் படிப்பது பி.வோக்., ஏ.சி., ஃப்ரிட்ஜ் ரிப்பேர் தொழிற்படிப்பு. அதுவும் யூனிவர்சிட்டி பட்டம்தான்.

டைப்பிங் தப்பு என்று சொல்லாதீர்கள். முப்பது வருஷமாக அரசாங்க ஃபைலில் ஒரு கமாவைக்கூடத் தவறவிடாதவர் நீங்கள்.

என் வகுப்பிலும் பாதிப் பேர் வெளியில் பி.எஸ்ஸி. என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். முதல் செமஸ்டரில் நானும் அப்படித்தான் சொன்னேன். இப்போது கேன்டீனில் யாராவது கேலியாக, "க்யா மிஸ்திரி ஜி?" என்று இந்தியில் மெக்கானிக் பட்டம் கட்டிக் கூப்பிட்டால், "போலோ", சொல்லு, என்று திரும்பி நிற்கிறேன்.

நான் ஹாஸ்டலுக்கு வந்ததிலிருந்து, போனை எடுத்ததும் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். ஹால் ஏ.சி.யில் தண்ணீர் சொட்டுகிறதாம், அம்மா சொன்னாள். வேறு யாரையும் கூப்பிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை டூல்ஸ் பையோடு நானே ஆர்.கே.புரம் வீட்டுக்கு வருகிறேன்.

எதிர் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி, "யாரு வந்திருக்கா?" என்று நிச்சயம் கேட்பார். "ஏ.சி. மெக்கானிக்" என்று தாராளமாகச் சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். "என் பொண்ணு" என்றும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பி.வோக். இரண்டாம் வருஷம்