யாரும் கேட்காத பட்டியல்

வியாழனின் நிலவு கலிஸ்டோ, ஆய்வு நிலையம். பராமரிப்புக் குறிப்பு. எழுதுபவள் ஞானசௌந்தரி. இங்கே நான் ஒருத்திதான்.

மார்ச் 3, 09:10
காற்று ஆலையின் வால்வு போய்விட்டது. உதிரிப் பெட்டியிலிருந்த புதியதை மாட்டினேன். அதை இயக்கும் மென்பொருளைப் பூமியின் மென்பொருள் தொகுப்புப் பட்டியலிலிருந்து இறக்கிப் பொருத்த, அந்த வேலைக்கென்றே உள்ள நிறுவியை ஏவினேன். வழக்கமான வேலைதான். மதியத்துக்கு உப்புமா.

மார்ச் 3, 11:40
பட்டியல் பதில் அனுப்பியது. என் நிறுவிக்கு ஒன்றும் புரியவில்லை. பூமியில் பட்டியலின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். 'உங்கள் நிறுவியைப் புதுப்பிக்கவும்' என்கிறது கடைசி வரி. புதிய நிறுவியும் புதிய பட்டியலில்தான் இருக்கிறது. அதை இறக்கவும் புதிய நிறுவிதான் வேண்டும். இதை யோசித்தவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

மார்ச் 5, 08:15
பூமியில் தரைக் கட்டுப்பாட்டில் எபனேசர் இருக்கிறான், நல்லவன். மென்பொருள் கோப்பினை நேராகவே அனுப்பினான். நிறுவி அதைத் தொடவில்லை. பழைய வடிவப் பட்டியலின் முத்திரை இருந்தால்தான் வாங்கும். பாதுகாப்புக்காகக் கணினிச் சில்லிலேயே பதித்த பூட்டு, கழற்ற வழியில்லை. சேமிப்புக் காற்று ஏப்ரல் தொடக்கம் வரை வரும்.

மார்ச் 9, 14:30
பழைய பட்டியலை ஏன் மூடினீர்கள் என்று கேட்டிருந்தேன். எபனேசரின் பதில்:
"யக்கா, நாலு வருசமா பழைய நிறுவி ஒண்ணுகூட பட்டியலக் கேக்கலயாம். யாரும் பயன்படுத்தலன்னு மூடிட்டாங்க."
கேட்கவில்லைதான். இணைப்பு நேரம் வீணாகக் கூடாதென்று தேவையான எல்லாவற்றையும் முதல் ஆண்டே இங்கே நகலெடுத்து வைத்துக்கொண்டேன்; இந்தப் புது வகை வால்வு மட்டும் அப்போது இல்லை. நகலெடுத்ததற்குப் பாராட்டு வேறு அனுப்பினார்கள். தொந்தரவு செய்யாமல் இருந்தேன், ஆளே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். அந்தப் பாராட்டை அழித்துவிட்டேன்.

மார்ச் 20, 17:05
மறுபடி திறப்பது பற்றிப் பட்டியலை நடத்தும் குழு கூடியதாம். ஒரே ஒரு பயனருக்காகத் திறந்தால் எல்லோரும் பழையதையே கட்டிக்கொண்டு அழுவார்கள் என்றாராம் ஒருவர். அதனால் முப்பது நாள் கருத்துக் கேட்பு. கருத்துச் சொல்ல நான் இருக்க வேண்டாமா? த்தூ.
"தினமும் அவங்க முன்னாடி போயி நிக்கேன்க்கா," என்கிறான் எபனேசர்.

மார்ச் 29, 06:50
எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்குத்தானே வேண்டும் உங்களுக்கு? நிமிடத்துக்கு ஒரு முறை பட்டியலைக் கேட்கும்படி நிறுவியை அமைத்துவிட்டேன். உட்கார்ந்து எண்ணுங்கள்.

ஏப்ரல் 4
தலை பாரம். விரல் சொன்னபடி கேட்கவில்லை. எபனேசர் என்னமோ சொன்னான், பாதிதான் காதில் விழுந்தது. அவன்மேல் கோபமில்லை. மற்றவர்களை நினைத்தால் இப்போதும் சீ என்றுதான்

ஏப்ரல் 21, 10:00. தானியங்கிப் பதிவு
பட்டியல் அறிவிப்பு: பழைய வடிவத்தைக் கேட்போர் அதிகரித்திருப்பதால் சேவை மீண்டும் திறக்கப்படுகிறது.
முத்திரை சரி. தொகுப்பு நிறுவப்பட்டது. வால்வு இயங்குகிறது. காற்று இயல்பு நிலை.
மூச்சு உணரி: உள்ளே யாரும் இல்லை.