மார்ச் முப்பதுக்குள்

1957 ஜனவரி 9, புதன்

தோல் பதனிடுகிற ஷாப்பு மூடி இருபத்திரண்டு நாள். காலையில் கதவைத் திறந்தால் சுண்ணாம்புத் தொட்டி நாத்தம் வரவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த நாத்தத்தில் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தவள் நான். இப்போது அது வராதா என்று மூக்கை நீட்டுகிறேன். என்ன பிழைப்போ.

அவர் வாணியம்பாடிவரை நடந்தே போய் வேலை கேட்டுவிட்டு வந்தார். "அங்க இருக்கறவங்களையே அனுப்பிக்கினு இருக்காங்க பங்கஜம்" என்றார். எனக்கும் ஆட்டுமயிர் பிரிக்கிற கொட்டகையில் வேலை போய்விட்டது. இந்த லைன் வீடு கம்பெனியுடையது. ஏப்ரல் பத்துக்குள் காலி செய்யணுமாம். எனக்கு ஏழாம் மாசம் நடக்கிறது.

ஜனவரி 21

வேலை போன குடும்பங்களுக்கென்று நிவாரணக் கமிட்டி பாலாற்று ஓரம் பதினாலு வீடு கட்டியிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு வாடகை கிடையாது. பக்கத்து வீட்டுச் சுந்தரியும் நானும் பேர் கொடுக்கப் போனோம். அவள் புருஷனுக்கும் அதே ஷாப்பு, அதே கதி. அவளுக்கு மூணாம் மாசம், வழியெல்லாம் வாந்தி. அப்படியும் விடுவிடுவென்று முன்னால் போய் என்னைவிட முதலில் பேர் எழுதிவிட்டாள்.

கிளார்க் இஷ்தியாக் அகமது தன்மையான மனுஷர். "அருணகிரி, பங்கஜம்... பிள்ளைங்க எத்தனைம்மா?" என்றார். வயிற்றைக் காட்டினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உள்ள இருக்கறது கணக்குல வராதும்மா."

பதிமூணு வீடு பிள்ளைக்காரர்களுக்குப் போய்விட்டது. மிச்சம் ஒன்று. மார்ச் முப்பதுக்குள் எனக்குப் பிள்ளை பிறந்து, இந்த ஊர் பிறப்புப் புத்தகத்தில் ஏறினால் அந்த வீடு எங்களுக்கு. இல்லாவிட்டால் பேர் கொடுத்த வரிசைப்படி சுந்தரிக்கு.

திரும்பி வரும்போது அவள் ரோட்டுக்கு அந்த ஓரம், நான் இந்த ஓரம்.

பிப்ரவரி 6

ராணிப்பேட்டையிலும் அவருக்கு வேலை இல்லையாம்.

மார்ச் 3, ஞாயிறு

குடியாத்தத்திலிருந்து அம்மா வந்தாள். கண்ணாடி வளையல், ஐந்து வகை சாதம், என்னைக் கூட்டிப்போக வண்டி. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே. யாருக்குத்தான் ஆசையில்லை? வெந்நீர் வைக்க ஒரு ஆள், வேளைக்குக் கஞ்சி, வலித்தால் கத்துவதற்கு நம்ம மனுஷர்கள்.

"அங்க பெத்தா அந்த ஊர் புக்குல ஏறிடும்மா. வீடு போய்டும்" என்றேன்.

"போனா போவட்டும். அங்கயே இருங்க."

எங்கே இருப்பது? அண்ணனுக்கு இரண்டு தறி, நாலு பிள்ளை. தறிக்கு அடியில்தான் பாய் விரிக்கணும். இவர் வீட்டோட மாப்பிள்ளையாக ஒரு நாள்கூட இருக்கமாட்டார்.

நான் வரமாட்டேன் என்றதும் அம்மா அழுதாள். "ஊர்ல என்னை இன்னா பேசுவாங்க தெரியுமா? பெத்த பொண்ணுக்குப் பிரசவம் பார்க்கத் துப்பில்லைன்னுதானே?" எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. தோல் நாத்தம்னு ரெண்டு வருஷமா இந்த வாசப்படி மிதிக்காதவ, இப்ப நாத்தம் போன பின்னாடி வந்தியான்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வளையலை மட்டும் போட்டுவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டாள்.

மார்ச் 19

லைனில் எங்கள் வீடும் சுந்தரி வீடும்தான் பாக்கி. குழாயை நிறுத்திவிட்டார்கள். நான் தண்ணீர் தூக்கக் கூடாது என்று சுந்தரி தன் குடத்தோடு என் குடத்தையும் நிரப்பி வருகிறாள். வேண்டாம்டி என்றேன். "கம்முனு உக்காருக்கா" என்கிறாள். இவள் கெட்டவளாக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கும்.

மார்ச் 28

மருத்துவச்சி மரியம்மாள் விளக்கெண்ணெய் கொடுத்தாள். குடித்தேன். ரயில் கேட்டுவரை நடந்து வந்தேன். ஒன்றுமில்லை.

வாயேன், சீக்கிரம் வாயேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறேன். எந்தத் தாயாவது ஒரு வீட்டுக்காகப் பிள்ளையை இழுப்பாளா? அவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நீ குடியாத்தம் போயிருக்கலாம். எல்லாம் என்னாலதான்" என்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னது.

மார்ச் 30, சனி

வலி வரவில்லை. சாயங்காலம் சுந்தரி வந்து வாசலில் நின்றாள். சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடாமல் அவள் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. நானாக இருந்தால் அந்த மட்டும்கூடப் பிடித்திருக்கமாட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

பெண். காலை ஏழு மணிக்கு. மரியம்மாள் பார்த்தாள். வெந்நீர் வைத்தது, விறகு பொறுக்கியது, என் தலையை மடியில் வைத்துக்கொண்டது எல்லாம் சுந்தரி. வலியில் அவள் கையைக் கடித்துவிட்டேன்.

மூணே மூணு நாள்.

ஏப்ரல் 4, வியாழன்

பிறப்பு எழுதுகிறவர் புத்தகத்தோடு வந்தார். "எப்போ பொறந்தது?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் வாயைத் திறக்குமுன் உள்ளே இருந்து நான் சொன்னேன்.

"சனிக்கிழமைங்க. காலையில."

எழுதிக்கொண்டு போய்விட்டார். மரியம்மாள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். புள்ளைய மழையில வெச்சிக்கினு நியாயம் பேசமுடியுமா? எனக்குப் பயமாக இருக்கிறது. சுந்தரிக்குத் தெரியும். ஒரு வார்த்தை கமிட்டியில் சொன்னால் போதும்.

ஏப்ரல் 8

லிஸ்டு ஒட்டியாச்சு. பதினாலாவது பேர் அருணகிரி.

ஏப்ரல் 10, புதன்

வண்டியில் பாயும் பானையும் ஏற்றிக்கொண்டிருந்தோம். அம்மா வந்துவிட்டாள், கோபத்தோடுதான். ஆனாலும் பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

அப்போது சுந்தரி சொல்லிக்கொண்டு போக வந்தாள். ஆலங்காயத்தில் மாமியாருக்குத் தங்கை முறை ஒருத்தி வீட்டு மாட்டுக்கொட்டாயில் தடுப்பு வைத்துத் தருகிறார்களாம். வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது அவளுக்கு. மணிக்கட்டில் என் பல் பட்ட இடம் இன்னும் கருப்பாக இருந்தது.

அம்மா கேட்டாள், "ஜாதகம் எழுதணும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பொறந்தது?"

நான் குனிந்து பானைக்குக் கயிறு கட்டினேன். அவர் மாட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சுந்தரி என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னாள். "சனிக்கிழமைம்மா. காலையில ஏழு மணி. நான்தான் வெந்நீர் வெச்சேன்."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அம்மா சனிக்கிழமை, ஏழு மணி என்று இரண்டு தடவை சொல்லி மனசில் வைத்துக்கொண்டாள்.