பேருந்தின் முதுகில் உன் முகம்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மகனுக்கு உன் தாய் வாழ்த்துக் கூறி எழுதுவது. உன் கடிதத்திற்கு இத்தனை காலம் தாழ்த்திப் பதில் எழுதுவதற்காக முதற்கண் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நேரமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன்னிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இங்கே நாங்கள் மூவரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். நீயும் அவ்வாறே இருப்பதாகச் சொல்கிறாய், அதை நம்புவதா வேண்டாமா என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். உன் தந்தையார் அழைப்பு வந்தவுடன் ஒலிபெருக்கியை அழுத்திவிடுவார், பிறகு நம் குடும்ப விவகாரம் எதிர்வீட்டுக்காரர் வரை போய்ச் சேரும். செய்தியாக அனுப்பலாம் என்றால் என் கைப்பேசி எந்நேரமும் உன் தங்கையின் கையில்தான் இருக்கிறது. ஆகவே நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்குப் பல் செட்டுகளை எடுத்துப்போக வரும் விரைவு அஞ்சல்காரரிடமே இதையும் கொடுத்து அனுப்புகிறேன், வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு.

விஷயம் உன் தங்கையின் மேற்படிப்பு. அவள் சிறு வயதிலிருந்தே கல் பொறுக்குகிறவள் என்பது உனக்குத் தெரியும், அவளுடைய சன்னல் விளிம்பில் இப்போது துணி காயவைக்கக்கூட இடமில்லை. நிலவியல் படிக்கப்போகிறேன் என்றுதான் போன மாதம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள், இடமும் கிடைத்துவிட்டது. உன் அத்தை வந்து, கல்லைப் படிச்சவளுக்குக் கல்லறையிலதான்டி வேலை என்று சிரித்தபோதுகூட, உங்க பல்லுல இருக்கிற கல்லையும் சேர்த்தே படிக்கிறேன் அத்தை என்று வாயடைத்தவள்தான் அவள். அப்படிப்பட்டவள் திடீரென்று, எனக்குக் கல் வேண்டாம், அண்ணன் படிச்ச டேட்டா சயின்ஸே போதும், அதுலதான் சம்பளம் என்கிறாள். என்னடி காரணம் என்றால், அதான் ஊரே பார்க்குதே அம்மா என்கிறாள்.

ஊர் பார்ப்பது உன்னைத்தான். உன் கல்லூரி விளம்பரத்தைப் பேருந்துகளின் பின்புறத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் உன் படம், உன் படத்தின் கீழே ஏழு இலக்கத்தில் ஆண்டுச் சம்பளம், அதற்கும் கீழே நாளை நீங்களும் என்று ஒரு வாசகம். வேடிக்கை என்னவென்றால் உன் தந்தையார் ஓட்டுகிற பேருந்திலேயே அது ஒட்டப்பட்டிருக்கிறது. மகனை முதுகில் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார் மனிதர். மருத்துவர்கூட, மரத்துப்போன வாயோடு ஒருவர் நாற்காலியில் கிடக்க, அவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, உங்க பையனாம்மா அது, சொல்லவே இல்லையே என்று கேட்டார். சொல்வதற்கு எனக்கே தெரிந்திருக்க வேண்டுமே.

பள்ளியைப் பாதியில் விட்டவள் நான் என்றாலும், காத்திருப்போர் அறைக்கு வரும் பத்திரிகைகளை ஒன்று விடாமல் படித்து என்னை நானே வளர்த்துக்கொண்டவள். எழுத்தில் அச்சாகி வந்துவிட்டதாலேயே ஒன்றை நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. ஒரு விடுமுறை நாளில் உன் தங்கையை அழைத்துக்கொண்டு அந்தக் கல்லூரிக்கே போனேன். கழுத்துப்பட்டை கட்டிய ஆலோசகர் ஒருவர் எங்களைக் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, திரையில் தூண் தூணாக ஒரு படம் காட்டினார். உன் கணினிப் படிப்பின் தூண் கூரையைத் தொட்டது, மற்ற படிப்பெல்லாம் கணுக்கால் உயரம். நிலவியலுக்குத் தூணே இல்லை. ஐயா, வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்தா இந்தத் தூண் எழுப்பப்பட்டது என்று பணிவாகவே கேட்டேன். அது சராசரிம்மா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க என்று சிரித்தார், சிரித்தவர் அடுத்த படத்துக்கு அவசரமாகத் தாவினார். அடுத்த படம் நீ. அதைப் பார்த்ததும் உன் தங்கை என் பக்கமே திரும்பாமல் அங்கேயும் தன் பெயருக்கு ஓர் இடத்தைப் பதிவு செய்துவிட்டாள்.

பெரிய திரையில்தான் நான் சரியாகப் பார்த்தேன். நீ வெளிநாடு புறப்பட்ட அன்று நம் கூடத்தில் எடுத்த படம் அது. உன் தோளில் நான்கு விரல்கள் இருக்கின்றன, அவை உன் தங்கையின் விரல்கள். பக்கத்தில் நின்றவளை வெட்டி எறிந்துவிட்டு விரல்களை மட்டும் மறந்துவிட்டார்கள். அந்தப் படம் நம் வீட்டு அலமாரியை விட்டு வேறெங்கும் போனதில்லை. சில வாரங்களுக்கு முன் அது காணாமல்போய், கண்ணாடி உடைஞ்சிருச்சு, மாத்தக் குடுத்திருக்கேன் என்று உன் தந்தையார் சொன்னதும், நான் அதை நம்பியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரைச் சமையலறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினேன். முதலில் எனக்கென்ன தெரியும் என்றார். பிறகு எனக்கெதுக்கு வம்பு என்றார். கடைசியில் உண்மை வந்தது. விளம்பரம் ஒட்ட வந்தவர்கள் பணிமனையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, என் பையனும் உங்க காலேஜுதான் என்று இவர் பெருமையடித்திருக்கிறார். என்ன சம்பளம் வாங்குறார் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். சுற்றிலும் மற்ற ஓட்டுநர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் எதையும் சொல்ல மாட்டேங்கிறான், நாலு பேர் நடுவுல நான் என்னத்தைச் சொல்றது, வாயில வந்ததைச் சொல்லிட்டேன் என்றார். மறுவாரமே அவர்கள் படம் கேட்டு வந்து நின்றபோது மறுக்க முடியாமல் சட்டத்திலிருந்து உருவிக் கொடுத்துவிட்டார். சரி, இதை மகளிடம் சொல்லுங்கள் என்றேன். நீயே சொல்லேன் என்று தட்டைக் கழுவப் போய்விட்டார், கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினார். வேறு பேருந்து கொடுங்கள் என்று பணிமனையில் கேட்டும் பார்த்தாராம். ஏன்யா, சொந்தப் பிள்ளையைத் தூக்கக் கசக்குதா என்று மேற்பார்வையாளர் கேலி செய்து அனுப்பிவிட்டார்.

ஆகவே கல்லூரியின் மீது நான் கொண்ட சந்தேகம் என் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டது. அது இப்போது உன் வாசலில் நிற்கிறது. கோபித்துக்கொள்ளாதே. நான் கேட்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. நீ காணொளியில் பேசும்போதெல்லாம் முகத்துக்குப் பின்னால் வெறும் சுவர்தான் தெரிகிறது. என்ன வேலை என்றால் அது சொன்னா புரியாதும்மா என்கிறாய், எனக்குப் புரியாதது என்று இதுவரை நீ எதையும் ஒதுக்கியதில்லை. ஒரு முறை பின்னால் தட்டுகள் மோதும் ஓசை கேட்டது, யாரோ அதட்டினார், இதோ வந்துட்டேன் சார் என்று பேச்சை வெட்டினாய். போன முறை, துணியில் பிடித்த எண்ணெய்க் கறை போக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். நானும் வெந்நீரும் சோப்பும் என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்த பிறகுதான் யோசித்தேன், கணினியில் எண்ணெய் எங்கிருந்து வந்தது? எல்லாவற்றையும்விட, உன் தங்கை இந்தப் படிப்பு நல்லதா அண்ணா என்று கேட்டபோது, சேரு சேரு என்றாய். ஒரு ஜோடி செருப்பு வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிற நீ, அவளுடைய எதிர்காலத்துக்கு ஒரே மூச்சில் இரண்டு முறை தலையாட்டினாய். அப்பா பக்கத்தில் இருந்தார், ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது, அதனால்தானே?

நீ எந்த வேலை செய்தாலும் எனக்கு அதில் தலைகுனிவு இல்லை. அந்தச் சம்பளம் உண்மையாக இருந்தால் அதையும் மகிழ்ச்சியோடு நம்புவேன், உன் தந்தையார் தற்செயலாக உண்மை பேசிவிட்டார் என்று எடுத்துக்கொள்வேன். அந்தப் படிப்பு கெட்டது என்றும் நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாது. நம் நால்வரில் தெரிந்தவன் நீ ஒருவன்தான். மாத முடிவில் அவள் இரண்டு இடங்களில் ஒன்றை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். சன்னலில் இருந்த கற்களை ஏற்கெனவே அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவளைத் தடுக்கும் உரிமை எனக்கு இருந்தாலும், பேருந்தின் முதுகைப் பார்த்து முடிவெடுத்தவள், அந்தச் சம்பளம் அப்பா வாயில் வந்தது என்று நான் சொன்னால் தன்னைத் தடுக்கச் சொல்லும் சாக்கு என்பாள், என் சொல்லைக் கேட்க மாட்டாள். உன் சொல்லைக் கேட்பாள்.

எனவே பதிலை எனக்கு எழுத வேண்டாம், அவள் பெயருக்கு எழுது. காலையில் எழுந்து எங்கே போகிறாய், கைகளால் என்ன செய்கிறாய், அந்தப் படிப்பு அங்கே எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை என்று அண்ணனாக அவளுக்கு மட்டும் சொல். உறையை நான் பிரிக்க மாட்டேன், உன் தந்தையாரையும் பிரிக்க விட மாட்டேன். அவள் படித்துவிட்டு எதைத் தேர்ந்தெடுத்தாலும் நானே உடன் போய்ச் சேர்த்துவிட்டு வருவேன்.

வேளைக்குச் சாப்பிடு. பின்கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொல்லியிருந்தேனே, காட்டினாயா? நீடூழி நலமாக இருக்க வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். உன் தந்தையாரும் வாழ்த்தச் சொன்னார், ஆனால் என்ன எழுதுகிறேன் என்று கேட்க அவருக்குத் துணிவில்லை.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அன்னை.

இது கிடைத்ததும் தாமதிக்காமல் அவளுக்குப் பதில் எழுது.