பின்னாலிருந்து படிக்கும் பெயர்

அன்பு மகள் கயோவுக்கு,

நானும் வீடும் பனிக்குள் ஒருவாறு நலமாக இருக்கிறோம், நீயும் கனடாக் குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். காலையில் அம்மாவின் படத்துக்குச் சூடாகச் சோறு வைத்தேன், முள்ளங்கியில் உப்பு கூடிவிட்டது, அவள் இருந்தால் ஒரு வாரம் சொல்லிக் காட்டியிருப்பாள்.

அந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் அப்பா என்று போனில் அழுதாயே, நானும் வருடக் கடைசிவரை தள்ளிக்கொண்டேதான் வந்தேன், ஆனால் எங்கள் சின்னப் பள்ளியில் அறிவியலுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? செவ்வாய்க்கிழமை வேதியியல் வாய்பாடு தொடங்கினேன். எழுதுவது முன்னாலிருந்து, பெயர் சொல்வது பின்னாலிருந்து என்று தொண்டை வறளச் சொன்னாலும் பிள்ளைகள் காதில் விழுந்தபடியே எழுதுகிறார்கள், NaCl-ஐ நம் ஜப்பானிய வழக்கப்படி ‘குளோரைடு சோடியம்’ என்றதும் பாதி வகுப்பு ClNa என்று எழுதி வைத்தது. வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு எழுதுது, நாங்க எதை சார் நம்புறது என்று தெப்பெய் கேட்டான், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு CO₂, ‘இரு ஆக்சைடு கார்பன்’, நாம் விடும் மூச்சில் இருப்பது என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன், அதற்குள் மணி அடித்துவிடாதா என்று பார்த்தேன். இந்த வருடம்தான் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த சுஸுனா, அந்த ரெண்டுங்கிற எண் ஒண்ணாயிட்டா என்ன பேரு சார் என்று கேட்டாள். சும்மா இருடி என்று தெப்பெய் அவளை இடித்தான். நெடுஞ்சாலையில் பனியில் சிக்கி, பின்பக்கப் புகைக்குழாய் மூடிப்போனது தெரியாமல் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உன் அம்மா உட்கார்ந்திருந்தது ஊருக்கே தெரியும். கை எழவில்லை கயோ. ஆனால் அந்தப் பிள்ளை விடை தெரியாமல் வீட்டுக்குப் போவது அதைவிடப் பயமாக இருந்தது. CO என்று எழுதினேன். நிறமில்லை, மணமில்லை, தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும் என்றேன். உன் அம்மாவுக்கும் தூக்கம்போலத்தான் இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்துத்தான் இந்த ஒரு வருடத்தை ஓட்டினேன். பெயரை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை, வகுப்பே மெதுவாகப் பின்னாலிருந்து சரியாகப் படித்தது, ‘ஒரு ஆக்சைடு கார்பன்’ என்று.

மாலையில் வெளியே வந்தால் என் காருக்குப் பின்னால் சுஸுனாவும் தெப்பெய்யும் தரை தெரியப் பனியை அள்ளியிருந்தார்கள், முன்பக்கம் அப்படியே குவிந்து கிடந்தது. என்ன இது பாதி வேலை என்றேன். பின்னாலேருந்துதானே சார் ஆரம்பிக்கணும் என்றாள் சுஸுனா. அவர்கள் போனபிறகு, வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்து அழுதேன்.

அம்மாவின் வருட நாளுக்கு வர முடியவில்லையே என்று மருகாதே, உன் பங்குக்கும் ஊதுபத்தி ஏற்றுகிறேன். நோய்நொடியில்லாமல் நெடுநாள் இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, பனி பெய்த காலையில் முதலில் காரின் பின்பக்கம் போய்ப் பார், சாவி அப்புறம்தான்.

உன் அப்பா,
இகராஷி ஷூஜி